வூ ஹாவ் தாய்ச்சி: எட்டு மாதமாக ஒரே அசைவு. தொடரலாமா, விட்டுவிடலாமா?

பஸ்காரன் எழுதியது:

வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். இதைப் பேச எனக்கு வேறு ஆள் இல்லை.

சொந்த ஊர் மன்னார்குடிப் பக்கம். 17 வருடமாகச் சிங்கப்பூரில் பஸ் ஓட்டுகிறேன், வயது 49. நாலு வருடத்துக்கு முன்னால் இடுப்பு பிடித்துக்கொண்டு ஒரு வாரம் எம்சியில் (மருத்துவ விடுப்பில்) கிடந்தேன். அதற்கப்புறம் வீட்டுக்காரி பிடித்துத் தள்ளித்தான் சமூக மன்றத்துத் தாய்ச்சி வகுப்பில் சேர்ந்தேன். மெதுவாக அசைந்து செய்கிற சீனக் கலை அது. எல்லா இடத்திலும் சொல்லித் தருகிற அதே 24 அசைவுதான். 1956இல் சீன அரசு யாங் என்கிற தாய்ச்சிப் பாணியின் நீண்ட வரிசையை வெட்டிச் சுருக்கி, யாரும் செய்யலாம் என்று அமைத்தது. ஆறு நிமிடத்தில் முடிந்துவிடும். இடுப்பு சரியானது, அதை மறுக்க மாட்டேன். கை நன்றாக விரியும், கால் அகலமாகப் போகும், பார்க்கவும் அழகு. ஒரு சீனப் புத்தாண்டுக்கு எங்களை வெள்ளை உடுப்பில் நிறுத்திப் படமெடுத்து மன்றத்து அறிவிப்புப் பலகையில் மாட்டினார்கள். வரிசையில் மீசை வைத்தவன் நான் ஒருத்தன்தான்.

போன வருடம் தோ பாயோவுக்கு வீடு மாறினோம். காலை ஷிஃப்ட் இல்லாத நாளில் ஏழு மணிக்குக் கீழே இறங்கினால், புளோக்குக்குக் கீழே கல்மேசை பக்கம் ஐந்து முதியவர்கள் நிற்பார்கள். லிஃப்டுக்குக் காத்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். இரண்டாம் நாள் உற்றுப் பார்த்தால், நகர்கிறார்கள்! கால் அரையடிதான் போகிறது. கையும் மார்புக்கு முன்னால் ஒரு சாப்பாட்டுத் தட்டை ஏந்துகிற அளவுக்கு மேல் விரியவில்லை. ஆனால் ஐந்து பேரும் ஒரே நேரத்தில் நிற்கிறார்கள், ஒரே நேரத்தில் கிளம்புகிறார்கள். சொல்லிக்கொடுப்பவருக்கு 78 வயது. அங்கிள் என்றுதான் கூப்பிடுகிறேன்.

இது என்ன பாணி என்று கேட்டேன். 'வூ' என்றார். ஓ, தெரியுமே என்று வீட்டுக்கு வந்து யூடியூபில் வூ பாணியைத் தேடிப் பிடித்தேன். உடம்பை முன்னால் சாய்த்துச் செய்கிறார்கள். ஒரு வாரம் பழகிக்கொண்டு போய் அவர் முன்னால் சாய்ந்து காட்டினேன். மனுஷன் சிரித்த சிரிப்பில் மேசைமேல் உட்கார்ந்தே விட்டார். அப்புறம் கோப்பிக்கடைக்குக் கூட்டிப்போய், பால் விடாத கோப்பி ஓவில் விரலைத் தொட்டு மேசையில் இரண்டு எழுத்து எழுதினார். முதல் எழுத்தில் மேலே ஒரு சின்னப் பெட்டி, அது வாய். இரண்டாவதில் பக்கத்தில் ஒரு கோடு சரிந்து இறங்குகிறது, அது ஈட்டி. வாய் இருப்பது யூடியூப் வூ. ஈட்டி இருப்பது நாங்கள் செய்கிற வூ. காதுக்கு இரண்டும் எனக்கு ஒன்றுதான். குரல் ஏறுவதும் இறங்கி ஏறுவதும் வேறு என்கிறார், தலையை ஆட்டிவிட்டேன். குழப்பம் வேண்டாமென்றுதான் ஈட்டி வூவை 'வூ ஹாவ்' என்கிறார்களாம்.

சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. இதுவரை எனக்குச் சொல்லித் தந்தது தொடக்கமும் ஒரே ஓர் அசைவும். 'லான் ஸா யி' என்று பெயர், சோம்பலாக மேலங்கியைக் கட்டிக்கொள்வது மாதிரி. இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. ஒவ்வொன்றும் நாலு துண்டு: எழும்பு, வாங்கிக்கொள், திற, மூடு. ஒரு துண்டில் தப்பினால் திரும்ப முதலிலிருந்து. வலது கை உடம்பின் வலப் பாதியைத்தான் காவல் காக்க வேண்டும், இடது கை இடப் பாதியை. நடுவில் சுவர், பக்கத்து வீட்டுக்குப் போகக் கூடாது. கை கால்விரல் நுனியைத் தாண்டி வெளியே போகக் கூடாது.

கடைசி விதிதான் எனக்கு எமன். பஸ்ஸில் எங்கள் இருக்கை முன்சக்கரத்துக்கும் முன்னால் இருக்கிறது. திரும்பும்போது நம் உடம்பு அடுத்த சாலைக்குள் போய்விட்ட பிறகுதான் ஸ்டீயரிங்கைத் திருப்ப வேண்டும், இல்லாவிட்டால் பின்சக்கரம் நடைபாதையில் ஏறிவிடும். 17 வருடமாகச் சக்கரத்தைத் தாண்டித் தொங்கிக்கொண்டே பிழைப்பு நடத்துகிறவனிடம் வந்து, கை காலைத் தாண்டாதே என்றால்?

இன்னொன்றும் கண்டுபிடித்தார், முதல் நாளே. "உன் இடது கால் வேலைக்கு வருவதில்லை." உண்மைதான். ஆட்டோமேட்டிக் வண்டி, ஆக்ஸிலேட்டர், பிரேக் இரண்டும் வலது காலுக்கு. இடது கால் சும்மா இருந்து இருந்து மரத்துவிட்டது போல.

இப்போது சிக்கல். மன்றத்து ஆசிரியைக்குக் கோபம். என் கை சுருங்கிவிட்டதாம், வரிசையில் நான் மட்டும் 'மேகக் கை' என்ற அசைவைக் குட்டியாகச் செய்கிறேனாம், வருடக் கடைசி நிகழ்ச்சி கெட்டுப்போகும், ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள் என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இந்தப் பக்கம் அங்கிளுக்கு இருமல். மற்ற நாலு பேரில் இளையவருக்கே 66. வேறு இடத்தில் இந்தப் பாணி சொல்லித் தருகிற யாரையும் எனக்குத் தெரியாது. யூடியூபில் இருப்பது 46 அசைவுப் போட்டி வரிசை, இவர் செய்வது மாதிரியே இல்லை. கூட ஓட்டுகிற நண்பர், சுன் என்று இன்னொரு தாய்ச்சிப் பாணி இருக்கிறது, அதற்குப் போ, அதிலும் திறப்பு மூடல் உண்டு, முட்டிக்கும் நல்லது என்கிறார்.

கேட்க நினைப்பது இதுதான். இரண்டையும் சேர்த்துச் செய்யலாமா? எட்டு மாதம் ஓர் அசைவு என்பது வழக்கமா, அல்லது எனக்கு வராது என்று நாசூக்காகச் சொல்கிறாரா? சுன் பக்கம் போவது புத்திசாலித்தனமா?

சின்ன சந்தேகம் ஒன்றும் உண்டு. விலா எலும்புக்குக் கீழே விரலால் குத்தி 'ஹூ ஜுன், ஹூ ஜுன்' என்கிறார். மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டால் கோழிக் கடையில் கேட்கிற சாமான் மாதிரி ஏதோ வருகிறது. அது என்ன?

---

தண்ணீர்மலைக்காரி எழுதியது:

அண்ணே, சாய்ஞ்சு காட்டின கதைய படிச்சு ஆபீஸ்ல சிரிச்சிட்டேன். நான் அந்த வாய் இருக்கிற வூதான், பினாங்குல பதினோரு வருஷமா. பொட்டானிக் கார்டன்ல காலைல செய்வோம், முடிச்சிட்டு அப்படியே தண்ணீர்மலை அடிவாரத்துல ஒரு கும்பிடு.

எங்க வூ யாங் குடும்பத்துல இருந்து பிரிஞ்சது. சுவான்யூன்னு ஒரு மஞ்சு இனத்து ஆளு, அரண்மனைக் காவல் படையில இருந்தவர், யாங் பாணியைத் தொடங்கின யாங் லூசான்கிட்டயும் அவர் மகன்கிட்டயும் கத்துக்கிட்டார். அவரோட மகன்தான் வூங்கிற சீனக் குடும்பப் பேரை வச்சிக்கிட்டார், வூ ஜியான்சுவான். 1942ல இறந்தார். ஷாங்ஹாய், ஹாங்காங்னு பரவினதால எங்களுக்கு ஆளு பேரு எல்லாம் உண்டு. உங்க வூ ஆளில்லாத வூ. சாய்வு பத்தி ஒண்ணு சொல்லிடறேன், அது கூனல் இல்ல. பின்குதிகாலுல இருந்து உச்சந்தலை வரைக்கும் ஒரே கோடு, கோடுதான் சாய்ஞ்சிருக்கு. ஒரு வாரத்துல வராது லா.

உங்க கேள்விக்கு வரேன். ரெண்டும் செய்யலாம், ஆனா ஒரே மணி நேரத்துல செய்யாதீங்க. நான் முதல் ரெண்டு வருஷம் யாங் செஞ்சிட்டு வந்தவ. காலைல வூ, அடுத்து உடனே யாங்னு போனேன், ரெண்டும் சேர்ந்து ரோஜாக் மாதிரி ஒரே கலவை ஆயிடுச்சு. எங்க சீஃபூ, அதான் குரு, திட்டல. ஒரு வாரம் நீ எதையும் செய்யாத, நட, அப்படின்னார். அவ்வளவுதான். அப்புறம் பிரிச்சிக்கிட்டேன், காலைல ஒண்ணு, ரெண்டு நாள் சாயங்காலம் இன்னொண்ணு. சப்பாத்து கூட மாத்திப் போட்டுக்குவேன், கால் அதுவே புரிஞ்சிக்கும். சிரிக்காதீங்க, நிஜமா உதவிச்சு.

ஒரு விஷயத்துல மட்டும் உஷாரா இருங்க. 24ஐ ஹாவ் விதியில செய்யப் பார்க்காதீங்க. மேகக் கையில கை நடுவைத் தாண்டித்தான் ஆகணும், அதோட அழகே அதான். அங்க போயி சுவர் கட்டினா ஆசிரியைக்கு எரிச்சல் வராம என்ன வரும்? அவங்க வீட்டுல அவங்க சட்டம்.

எட்டு மாசம் ஒரு அசைவு... உங்க மத்த நாலு பேரு எவ்வளவு நாள்ல கத்துக்கிட்டாங்கன்னு கேட்டீங்களா? 66 வயசுக்காரர்கிட்ட கேளுங்க, அங்கிள்கிட்ட இல்ல. அப்புறம் இருமல்னு சொல்றீங்க. அனுமதி கேட்டு ஃபோன்ல எடுத்து வச்சிக்கோங்க. முன்னால இருந்து ஒண்ணு, பக்கவாட்டுல ஒண்ணு, காலை மட்டும் கிட்டத்துல ஒண்ணு. கைய எல்லாரும் எடுப்பாங்க, காலை யாரும் எடுக்க மாட்டாங்க.

---

கம்பு ஆசான் எழுதியது:

தம்பி, எதற்கு இந்த வூவும் ஹாவும்? எல்லாம் காஞ்சிபுரத்திலிருந்து போதிதர்மர் கொண்டுபோய்க் கொடுத்தது. நம் வீட்டுச் சரக்கைச் சீனாக்காரனிடம் கோப்பிக்கடையில் கற்றுக்கொள்கிறீர்கள். ஊருக்கு வரும்போது சொல்லுங்கள், கம்பு தருகிறேன்.

---

ஹெபெய் ரிட்டர்ன் எழுதியது:

கம்பு ஆசான் ஐயாவுக்கு வணக்கம். போதிதர்மர் தென்னிந்தியர் என்று சீனத்தில் பழைய குறிப்பு உண்டு, அதில் எனக்கும் பெருமைதான். ஆனால் அவர் ஷாவ்லின் மடத்தில் சண்டைக்கலை சொல்லித் தந்தார் என்பதற்கு ஆதாரமாகக் காட்டப்படும் ஏடு 1624ஆம் வருடத்தது, அவருக்கு ஆயிரம் ஆண்டுக்கு மேல் பிந்தியது. அதன் முன்னுரைகள் போலி என்று தாங் ஹாவ் என்ற சீன ஆய்வாளரே எழுதிவிட்டார். தாய்ச்சிக்கோ ஷாவ்லினோடும் உறவு தெரியவில்லை. பிடித்துக்கொண்டே போனால் ஹெனான் மாநிலத்துச் சென் கிராமத்தில், 17ஆம் நூற்றாண்டில் சென் வாங்திங்கிடம் போய் நிற்கும். அதற்கு மேல் போனால் அவர்களும் ஜாங் சான்ஃபெங் என்று ஒரு மலைச்சாமியாரைச் சொல்வார்கள். அதுவும் கதைதான். பழம்பெருமையில் அவர்களும் நமக்குச் சளைத்தவர்கள் இல்லை.

பஸ்காரன் அண்ணா, நான் எம்பிபிஎஸ் படித்தது ஹெபெய் மாநிலத் தலைநகர் ஷிஜியாஜுவாங்கில். இப்போது திருச்சியில் இருக்கிறேன். உங்கள் வூ பிறந்த ஊருக்கு ஒரு விடுமுறையில் போயிருக்கிறேன், அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

ரயிலில் ஹாந்தான் போய், அங்கிருந்து யோங்னியான் வட்டாரத்துக் குவாங்ஃபூ என்ற பழைய ஊருக்குப் பஸ். மதில் சூழ்ந்த ஊர், மதிலைச் சுற்றி அகழி, அதற்கப்பால் நாணல் நிறைந்த சதுப்பு. சாப்பாட்டுக் கடைக்குக் கடை கழுதைக்கறித் தொத்திறைச்சி தொங்கும், அதுதான் அந்த ஊர்ப் பெருமை. நான் வேர்க்கடலையும் தோசை மாதிரி ஒன்றும் சாப்பிட்டுக்கொண்டேன். அந்தச் சின்ன மதிலுக்குள் யாங் லூசான் வீடும் இருக்கிறது, உங்கள் பாணியைத் தொடங்கிய வூ யூசியாங் வீடும் இருக்கிறது. ஒரே நாளில் நடந்து இரண்டையும் பார்த்துவிடலாம். பார்த்தால்தான் உங்கள் பாணி ஏன் இவ்வளவு சின்னதாக இருக்கிறது என்று எனக்குப் புரிந்த மாதிரி இருந்தது.

யாங் ஏழை. 1799இல் பிறந்தவர். சென் கிராமத்துக்குப் போய்க் கற்றுத் திரும்பி, பெய்ஜிங் போய்ப் பிரபுக்களுக்குச் சொல்லித் தந்தார். பிள்ளைகளுக்கும் பேரன்களுக்கும் அதுவே தொழில். தொழில் என்றால் நாலு பேர் கண்ணுக்கு நன்றாக இருக்க வேண்டும், நூறு பேருக்குச் சொல்லித் தரவும் தோதுப்பட வேண்டும். பேரன் யாங் செங்ஃபூ காலத்தில் வடிவம் பெரிதாகி, சீராகி, உங்கள் 24 வரை வந்தது.

வூ யூசியாங் பணக்காரர், படித்த குடும்பம், 1812இல் பிறந்தார். அண்ணன் அரசுத் தேர்வில் ஜெயித்து ஹெனானில் மாவட்ட அதிகாரி. வூ முதலில் யாங்கிடம் கற்றார். அப்புறம் 1852 வாக்கில் அண்ணனைப் பார்க்கப் போகும் வழியில் ஜாவ்பாவ் என்ற ஊரில் சென் சிங்பிங்கிடம் ஒரு மாதம் சொச்சம் தங்கிக் கற்றார். அண்ணன் வேலை பார்த்த ஊரில் ஓர் உப்புக்கடையில் தாய்ச்சி பற்றிய பழைய ஏடு கிடைத்தது என்பார்கள். ஊர் திரும்பியவர் பிழைப்புக்காக யாருக்கும் சொல்லித் தரவில்லை. வீட்டு முற்றம், புத்தகம், யோசனை, அவ்வளவுதான். அக்காள் தங்கை வழி மருமகன் லீ யீயூ அவரிடம் கற்றார். லீயிடம் ஹாவ் வெய்சென் கற்றார். இந்த ஹாவ் குடும்பம்தான் வெளியே சொல்லித் தர ஆரம்பித்தது, அதனால்தான் பெயரில் ஹாவ் ஒட்டிக்கொண்டது. பேரன் ஹாவ் ஷாவ்ரூ ஷாங்ஹாயில் 1983 வரை இருந்தார்.

ஆகையால் யாருக்கும் காட்ட வேண்டிய அவசியமே இல்லாமல் வளர்ந்தது உங்கள் பாணி. கை அலைவதை எல்லாம் வெட்டி, உள்ளே என்ன நடக்கிறது என்று மட்டும் பார்த்திருக்கிறார்கள். அறிவிப்புப் பலகைக்கு ஆகாது.

லீ யீயூ 1881இல் மாமாவின் எழுத்தையும் தன் எழுத்தையும் சேர்த்துக் கையால் மூன்று பிரதி எடுத்தார். ஒன்று தனக்கு, ஒன்று தம்பிக்கு, ஒன்று ஹாவ் வெய்சென்னுக்கு. ஒரு பாணியின் மொத்தச் சொத்தும் மூன்று பிரதி! உங்கள் அங்கிளிடம் நாலு பேரும் நீங்களும் என்றால் அவர் கணக்கில் அது கூட்டம்.

'ஹூ ஜுன்' விஷயத்தில் உங்கள் செயலி பொய் சொல்லவில்லை. 'ஹூ' என்றால் காப்பது. 'ஜுன்' என்பதற்கு அகராதியில் பறவையின் இரைப்பை, கோழி தின்ற தானியத்தைக் கல்லோடு அரைக்கிறதே, அந்தப் பை. வூ யூசியாங் சொன்ன உடல்விதிகளில் இது ஒன்று. விலாவின் கீழ்ப்பகுதியை லேசாக உள்ளே வாங்கிக் காப்பது. வயிற்றை எக்குவது இல்லை. எக்கினால் மூச்சு மேலே ஏறும். இருமி முடித்த பிறகு விலா தானாகத் தளர்ந்து கீழே இறங்குமே, ஏறக்குறைய அந்த நிலை. அது இறங்கினால் முழங்கையும் இறங்கும், முழங்கை இறங்கினால் கை கால்விரலைத் தாண்டாது. அங்கிள் குத்துகிற இடம் சரியான இடம்.

சுன் பாணி பற்றி. அது உங்கள் பாணியின் பிள்ளைதான். ஹாவ் வெய்சென் 1910களில் பெய்ஜிங் போன இடத்தில் நோயில் விழுந்தார். சுன் லூதாங் என்பவர் அவரைக் கவனித்துக்கொண்டார், நன்றியாக ஹாவ் தன் கலையைத் தந்தார். சுன் அப்போதே சிங்யீ, பாகுவா என்ற வேறு இரண்டு சண்டைக்கலைகளிலும் பெயர் பெற்றவர், வயது ஐம்பதை ஒட்டி. மூன்றையும் சேர்த்து 1921இல் புத்தகம் போட்டார். ஒரு கால் நகர்ந்தால் மற்றது பின்னாலேயே வந்து சேரும், ஒவ்வொரு திருப்பத்திலும் மார்புக்கு முன் கை திறந்து மூடும். நிலை உயரம் என்பதால் முட்டிக்குச் சுமை குறைவு. சிட்னி மருத்துவர் பால் லாம் 1997இல் மூட்டுவலிக்காரர்களுக்கென்று அமைத்த திட்டமும் சுன் பாணியை அடியாக வைத்ததுதான். உங்கள் நண்பர் தப்பாகச் சொல்லவில்லை. ஆனால் உங்களுக்கு முட்டிவலி இருப்பதாக நீங்கள் எழுதவே இல்லையே? உங்களுக்கு இருப்பது வேலைக்கு வராத இடது கால். அதற்கு நாலு துண்டாக நிறுத்தி நிறுத்திச் செய்வதைவிட நல்ல வைத்தியம் எனக்குத் தெரிந்து இல்லை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் எடை எந்தக் காலில் என்று மறைக்க முடியாது.

---

கம்பு ஆசான் எழுதியது:

டாக்டர் தம்பி, 1624 விஷயம் எனக்குப் புதிது. விசாரிக்கிறேன். கதையை மட்டும் முழுதாக விடமாட்டேன்.

பஸ்காரன் தம்பிக்கு ஒன்று சொல்ல விட்டுப்போனது. என் அப்பா எனக்கு ஒன்பது மாதம் கம்பைக் கையில் கொடுக்கவில்லை. வெறும் காலடி வரிசை. பொழுதுபோகாமல் வீட்டில் இருந்த துடைப்பக் கட்டையைச் சுற்றி, பானையை உடைத்து, அதே கட்டையால் அடி வாங்கினேன். பத்தாம் மாதம் கம்பு வந்தது. அன்றைக்குத்தான் கால் தனியாக, கம்பு தனியாக ஓடவில்லை என்பது எனக்கே தெரிந்தது. இன்றைக்குப் பிள்ளைகள் மூன்றாம் நாள் தீப்பந்தம் கேட்கிறார்கள், நானும் கொடுத்துத் தொலைக்கிறேன். கூடம் நடக்க வேண்டுமே.

உங்கள் கிழவர் உங்களிடம் பணம் வாங்குகிறாரா? வாங்கவில்லை என்றால் எட்டு மாதத்துக்கு வேறு அர்த்தமே தேடாதீர்கள்.

---

பஸ்காரன் எழுதியது:

பணம் வாங்குவதில்லை ஆசான். கோப்பி மட்டும், அதுவும் ஒரு நாள் நான், ஒரு நாள் அவர். சர்க்கரை போடாத கோப்பி ஓ.

டாக்டர் தம்பி எழுதியதை மூன்று தடவை படித்தேன். கோழி இரைப்பையை வீட்டில் சொன்னேன், பெரிய மகள் இரண்டு நாளாக என்னை அந்தப் பெயரில்தான் கூப்பிடுகிறாள். மற்றதை அடுத்த வாரம் எழுதுகிறேன், ஷிஃப்ட் மாறுகிறது.

---

பஸ்காரன் எழுதியது (மூன்று வாரம் கழித்து):

சொன்னபடி எழுதவில்லை, மன்னியுங்கள்.

66 வயதுக்காரரிடம் கேட்டேன். டாக்சி ஓட்டி ஓய்வு பெற்றவர். லான் ஸா யிக்கு அவருக்கு எவ்வளவு நாள் ஆனது என்றேன். விரலை மடக்கிப் பார்த்துவிட்டு, பதினான்கு மாதம் என்றார். இருக்கிறவர்களில் வேகமாக முடித்தது சந்தையில் மீன் விற்ற அம்மாவாம், ஐந்து மாதம். நாள் முழுக்க ஈரத் தரையில் நின்று வியாபாரம் செய்தவருக்குக் காலைப் பற்றி யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. ஓட்டுநர்களுக்குத்தான் தாமதம் போலிருக்கிறது.

மன்றத்து ஆசிரியையிடம் நேராகப் போய், வருடக் கடைசி நிகழ்ச்சிக்கு நான் வரவில்லை, ஆனால் செவ்வாய் வகுப்பை விடமாட்டேன் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், எந்த வூ என்று கேட்டார். நான் மேசையில் விரலால் ஈட்டியை வரைந்து காட்டினேன், பாதிதான் சரியாக வந்தது. அதை நான் பார்த்ததே இல்லை, ஒரு நாள் வந்து பார்க்கலாமா என்றார். இன்னும் வரவில்லை. பினாங்குத் தங்கச்சி சொன்னபடி சப்பாத்தையும் மாற்றிவிட்டேன். செவ்வாய்க்கு வெள்ளை, மற்ற நாளுக்கு வேலைக்குப் போடுகிற கறுப்பு. செவ்வாய்க்கிழமை மேகக் கை பழையபடி நன்றாக விரிகிறது, ஆச்சரியம்தான்.

ஃபோனில் எடுக்கட்டுமா என்று அங்கிளிடம் கேட்டேன். முகத்தை எடுக்காதே, பல் கட்டவில்லை என்றார். அதனால் என்னிடம் இருப்பதெல்லாம் கழுத்துக்குக் கீழேதான். காலை மட்டும் ஒன்று எடுத்தேன். ரப்பர் செருப்பு, நகம் வெட்டாத பெருவிரல், நாலு நிமிடம். அதை மெதுவாக ஓட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது: வலது கால் நகரும் முன்னால் இடது குதிகால் தரையில் அழுந்துகிறது, செருப்பு ஓரத்தில் ரப்பர் பிதுங்குகிறது. அதற்கப்புறம்தான் வலது கால் லேசாகி எழும்புகிறது. எட்டு மாதம் அவர் பக்கத்தில் நின்றிருக்கிறேன், கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அன்றிலிருந்து ஒரு வேலை செய்கிறேன். கடைசி நிறுத்தத்தில் இறங்கி நிற்கிற பத்து நிமிடத்தில், வண்டிக்குப் பின்னால் யாரும் பார்க்காத இடத்தில், கை இரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டு காலை மட்டும் நாலு துண்டாகச் செய்வது. இடது கெண்டைக்காலில் முதல் இரண்டு நாள் நல்ல வலி. ஒரு சக ஓட்டுநர் பார்த்துவிட்டு, பாத்ரூம் அந்தப் பக்கம் என்றார்.

போன ஞாயிறு காலை இடப்பக்கம் செய்து, வலப்பக்கம் செய்து, முதலிலிருந்து ஆரம்பிக்கப் போனேன். அங்கிள் 'போ' என்று கையைக் காட்டினார். எங்கே போவது? அவரே பக்கத்தில் வந்து நின்று அடுத்ததைச் செய்தார். தான் பியென், ஒற்றைச் சாட்டை. 24லும் இதே பெயரில் ஒன்று உண்டு, மூன்றரை வருடம் செய்திருக்கிறேன். கொக்கி மாதிரி மணிக்கட்டை வளைத்துக்கொண்டு நின்றேன். அவர் வளைந்த மணிக்கட்டைத் தட்டி நிமிர்த்திவிட்டார். இதில் கொக்கி இல்லையாம். இரண்டு உள்ளங்கையும் நிமிர்ந்து, இரண்டு பக்கமும் திறந்து, அவ்வளவுதான். சரி, இதற்கு இன்னொரு எட்டு மாதம்.

அப்புறம் கோப்பிக்கடை. அன்றைக்கு என் முறை. டாக்டர் தம்பி சொன்ன குவாங்ஃபூ, மதில், மூன்று பிரதி எல்லாம் எனக்குத் தெரிந்த மாண்டரினில் சொன்னேன். அந்த ஊருக்கு அவர் போனதே இல்லையாம். கழுதைக்கறி என்றதும் முகத்தைச் சுளித்தார். உங்கள் மொழியில் வூ எப்படி எழுதுவீர்கள் என்று கேட்டார். கோப்பியில் விரலைத் தொட்டு 'வூ' என்று எழுதினேன். சுற்றிப் பார்த்தார், வாலைத் தொட்டுப் பார்த்தார். இது வாயா, ஈட்டியா என்றார். இரண்டுக்கும் இதுதான் என்றேன். கொஞ்ச நேரம் அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு டிஷ்யூவை எடுத்து மேசையைத் துடைத்துவிட்டு, புதன்கிழமை உனக்கு எத்தனை மணிக்கு வேலை என்று கேட்டார்.

இரண்டு மணிக்கு என்றேன்.